லென்ஸுக்கும் கண் கூசும்

தூத்துக்குடி உப்பளத்தில் முதல்முறை எடுத்த படங்களை இன்னும் ஒரு ஃபோல்டரில் அப்படியே வைத்திருக்கிறேன். நூற்று நாற்பது சொச்சம் படங்கள். காலை ஏழரை மணி வெயில், வரிசை வரிசையாகப் பாத்திகள், வரப்பில் நின்று குனிந்து உப்பு வாருகிற பெண்கள், தூரத்தில் வெள்ளைவெளேர் என்று உப்புக் குவியல்கள். மனசு நிறைந்துபோய் எடுத்துக்கொண்டே இருந்தேன். அந்த வெயிலில் கேமராவின் பின்பக்கத் திரை சரியாகத் தெரியவில்லை, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து லேப்டாப்பில் திறந்தால், ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஒரு வெளிறல். நீர் விட்ட மோர் மாதிரி. கருநீலப் புடவை சாம்பலாக இருக்கிறது. முகத்தின் நிழல் பக்கம் நிழலாகவே இல்லை. இத்தனைக்கும் அதில் பெரும்பாலான படங்களில் சூரியனே கிடையாது.

எக்ஸ்போஷர், அதாவது உள்ளே விட்ட ஒளியின் அளவு, கூடிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குறைத்துப் பார்த்தால் வெளிறல் இருட்டாகிறதே தவிரக் கறுப்பு வரவில்லை. அப்புறம் லென்ஸில் கோளாறு என்று சந்தேகம். கடைசியில் படங்களை எடுத்த வரிசைப்படி, எந்தப் படத்துக்கு எந்தப் பக்கம் திரும்பி நின்றேன் என்று ஞாபகப்படுத்திக்கொண்டே பார்த்தேன். வடக்கே திரும்பி எடுத்த ஏழெட்டுப் படங்களில் நிறம் சுத்தமாக இருந்தது. தென்கிழக்கே பார்த்து எடுத்ததெல்லாம் போயிருந்தது. அதாவது சூரியன் படத்தின் இடது ஓரத்துக்குச் சற்று வெளியே, மேலே நின்றிருக்கிறது. படத்துக்குள் வரவில்லை, ஆனால் லென்ஸின் முன்கண்ணாடி முழுக்க அதன் வெயில் விழுந்திருக்கிறது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் அதற்குப் பிறகு இத்தனை வருடமாகக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சூரியன் படத்துக்குள் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஏதாவது செய்வோம். வெளியே ஓரமாக நிற்கிற சூரியன்தான் சத்தமில்லாமல் படத்தைக் கெடுக்கும். அதைப் பிடிக்க வ்யூஃபைண்டரைப் பார்த்தால் போதாது. கேமராவை ஒரு நொடி கண்ணிலிருந்து இறக்கி, முன்னால் எட்டி, லென்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வெயில் அடிக்கிறதா, நிழல் இருக்கிறதா? ஒரே நொடி வேலை.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால் மருந்து தானாகத் தெரியும்.

ராத்திரி விளக்கு போட்ட அறையில் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் தெரிகிறதல்லவா, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழுகிற ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஜன்னலுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் இன்றைய ஜூம் லென்ஸ் ஒன்றில் பன்னிரண்டு, பதினைந்து, இருபது கண்ணாடிகள்கூட இருக்கின்றன. தனித்தனியாக நிற்கிற 12 கண்ணாடிகள் என்று வைத்துக்கொண்டால் 24 பரப்புகள். ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் போனால், உள்ளே நுழைந்த ஒளியில் 37, 38 சதவீதம்தான் நேர்வழியில் மறுபக்கம் போய்ச் சேரும். மீதி என்ன ஆகும்? ஒரு பங்கு வந்த வழியே வெளியே போய்விடும். இன்னொரு பங்கு கண்ணாடிகளுக்கு இடையே மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் எகிறி, உலோகக் குழாயின் உள்சுவரில் பட்டு, ஒளி நுழைகிற துளையைச் சுருக்கி விரிக்கிற அப்பர்ச்சர் தகடுகளில் பட்டு, கடைசியில் எங்கே விழக் கூடாதோ அங்கே, படம் பதிகிற சென்சாரில் போய் விழும். அதுதான் அலைந்து திரியும் ஒளி. அது படம் முழுக்கப் பரவலாக விழுந்தால் என் உப்பளப் படங்களில் வந்த வெளிறல். இடம் பிடித்து விழுந்தால் வட்டம் வட்டமாக, அறுகோணம் அறுகோணமாக வண்ணப் பொட்டுகள். கோஸ்ட் என்று இதைச் சொல்வார்கள், பேய்தான்.

இந்தப் பேய்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளி, இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி முன்னேறினால் ஒரு பேய். ஆக இரண்டு இரண்டு பரப்புகளாக எத்தனை ஜோடி சேர்க்கலாமோ அத்தனை பேய்களுக்கு வழி இருக்கிறது. 24 பரப்புகளுக்கு 276 ஜோடிகள். எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலானவை பரவிக் கரைந்து பொதுவான வெளிறலோடு சேர்ந்துவிடும். ஏழெட்டுதான் உருவத்தோடு நிற்கும்.

இப்படி இருந்தும் லென்ஸ் என்கிற பொருள் எப்படி வேலை செய்கிறது என்றால், பூச்சுதான் காரணம். லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் ஊதாவும் பச்சையும் கலந்து மினுங்குமே, அந்தப் பூச்சு. இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1886-இல் இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு ஒரு விஷயத்தைக் கவனித்தார்: நாள்பட்டு மேற்பரப்பு மங்கிய கண்ணாடி, புதுக் கண்ணாடியைவிடக் கூடுதலாக ஒளியை உள்ளே விடுகிறது. 1890-களில் இங்கிலாந்தில் லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர் இதையே பழைய லென்ஸ்களில் பார்த்தார். வாடிக்கையாளர்கள் கறை படிந்துவிட்டது என்று வருத்தப்பட்ட லென்ஸ்கள்தான் நன்றாக வேலை செய்தன! காலம் தானாகப் பூசிவிட்ட அந்த மெல்லிய படலத்தைச் செயற்கையாகக் கொண்டுவர அவர் முயன்றார், சீராக வரவில்லை. 1935-இல் லென்ஸ் செய்கிற ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடத்துக்குள் வைத்துக் கண்ணாடியில் படலம் படிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளி அலையும், அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளி அலையும் ஏறுக்கு மாறாகச் சந்தித்து ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஒற்றைப் பூச்சிலேயே 4 சதவீதம் ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. 1971-இல் பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சு போட்ட லென்ஸ்களைக் கேமரா வாங்குகிறவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு நல்ல லென்ஸ்களில் ஒரு பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. சில விலை கூடிய லென்ஸ்களில் அந்துப்பூச்சியின் கண்ணில் இருக்கிற மாதிரி நுண்ணிய மேடுபள்ளங்களையே பரப்பில் உருவாக்கியிருக்கிறார்கள். இருட்டில் பறக்கிற அந்தப் பூச்சியின் கண் ஒளியைத் திருப்பி அனுப்பாது, அதனால் வேட்டையாட வருகிறதன் கண்ணிலும் படாது.

பூச்சு இல்லாத காலத்தில் ஒரு நல்ல வடிவமைப்பே இதனால் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1896-இல் ஸைஸில் பால் ருடால்ஃப் பிளானார் என்ற லென்ஸை வடிவமைத்தார். கூர்மையில் அருமையான லென்ஸ். ஆனால் காற்றும் கண்ணாடியும் சந்திக்கிற பரப்புகள் எட்டு. படம் வெளிறியது. ஆறே பரப்புகள் கொண்ட டெஸ்ஸார் 1902-இல் வந்ததும் எல்லாரும் அதற்குப் போய்விட்டார்கள். பூச்சு வந்த பிறகுதான் பிளானார் திரும்பி வந்தது. நாம் இன்று பயன்படுத்துகிற பல 50 மி.மீ. லென்ஸ்கள் அந்த வம்சம்தான். இரண்டே இரண்டு பரப்பு கூடுதலாக இருந்ததற்காக ஒரு வடிவமைப்பு அத்தனை வருடம் ஓரமாக நின்றிருக்கிறது.

சரி, பூச்சுதான் இருக்கிறதே, அப்புறம் ஏன் என் படம் வெளிறியது? சூரியனின் பலம் அப்படி. பரப்புக்கு அரை சதவீதம் என்று வைத்தால் இரண்டு முறை பட்டு வருகிற பேய் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் நன்றாக ஏறிய வெயிலில் சூரிய வட்டு பக்கத்து நீல வானத்தைவிட லட்சம் மடங்குக்கும் மேல் பிரகாசம். நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு என்றாலும் அது கண்ணுக்குத் தெரியும். பூச்சு நமக்குப் பெரிய உதவிதான், ஆனால் நேர் வெயிலைத் தடுக்கும் வேலையை அதன் தலையில் போடக் கூடாது. அதைத் தடுக்க வேண்டியது நிழல்.

நிழல் என்றால் முதலில் ஹூட், லென்ஸின் வாயில் மாட்டுகிற மறைப்பு. லென்ஸ் வாங்கும்போது கூடவே வருகிறதை நிறையப் பேர் திருப்பி மாட்டியே வைத்திருக்கிறார்கள், பையில் அடங்குவதற்காக. கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் அப்படியே திருப்பி மாட்டி எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது போய்ச் சொல்லலாமா என்று கை பரபரக்கும். அதை நேராக மாட்டினால் ஓரத்து வெளிச்சத்தில் பாதி அங்கேயே நின்றுவிடும், முன்கண்ணாடிக்கு அடிபடாமலும் இருக்கும். பூவிதழ் மாதிரி வெட்டியிருப்பது அழகுக்கு இல்லை. படம் நீள்சதுரம் என்பதால் மூலைகளில் ஹூட்டே படத்துக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்க அங்கே வெட்டி, மேலும் கீழும் நீட்டியிருக்கிறார்கள். ஆனால் ஜூம் லென்ஸில் ஹூட்டை அதன் அகலமான கோணத்துக்குத்தான் அளவெடுத்துச் செய்ய முடியும். 24-70 மி.மீ. ஜூமை 70-க்கு இழுத்து எடுக்கும்போது அந்த ஹூட் பாதி வேலைதான் செய்யும். வைட் ஆங்கிள் லென்ஸில் ஹூட் ஏறக்குறைய ஒரு வளையம்தான், பெரிய பயன் இல்லை. அப்போதுதான் கை.

இரண்டாவது முறை உப்பளத்துக்குப் போனபோது ஹூட்டைச் சரியாக மாட்டியிருந்தேன், 85 மி.மீ. லென்ஸ். வெயில் தாழ்வாக இருந்ததால் ஹூட்டையும் தாண்டி முன்கண்ணாடியின் மேல்பாதியில் பிறை மாதிரி ஒரு வெயில் துண்டு கிடந்தது. வலது கையில் கேமரா, இடது கையை லென்ஸுக்கு மேலே நீட்டி அந்தப் பிறையை மறைக்கப் பார்க்கிறேன். எடை கூடின லென்ஸ், ஒரு கையில் நிற்கவில்லை, ஆடுகிறது. அந்த நேரத்தில் டீத் தூக்குவாளியோடு வரப்பில் ஒரு ஆச்சி வந்தார். எழுபது வயது இருக்கும். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு டீ கொண்டுவருகிறவர். வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னய்யா, உன் மிசினுக்குக் கண்ணு கூசுதா?”

“ஆமா ஆச்சி, வெயில் நேரா அடிக்குது.”

“அதுக்குத்தான் கையை வைக்கியா. எங்களுக்கும் அப்படித்தான். இந்த உப்பைப் பார்த்துப் பார்த்து, நெத்தியில கை வைக்காம ஒண்ணும் தெரியாது.” சொல்லிவிட்டு அவர் நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தூரத்தில் யாரையோ, “ஏ, டீ ஆறுது, வா” என்று கூப்பிட்டார்.

நான் இத்தனை புத்தகங்களில் படித்ததை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். கண் கூசுவது என்று நாம் சொல்வதும் இதேதான். கண்ணும் ஒரு லென்ஸ், அதற்குள்ளும் ஒளி சிதறுகிறது, சிதறின ஒளி விழித்திரையில் படலமாக விழுந்து பார்க்க வேண்டியதை மூடிவிடுகிறது. புரை விழுந்த கண்ணுக்கு எதிரே வருகிற வண்டியின் விளக்கு பூதாகரமாகத் தெரிவதும் இதனால்தான். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, குழந்தை முதல் கிழவர் வரை தானாகச் செய்கிறோம். கேமராவைக் கையில் எடுத்ததும் மட்டும் மறந்துவிடுகிறோம்.

“இங்கன கொடு, நான் மறைக்கேன்” என்று ஆச்சியே பக்கத்தில் வந்து நின்றார். லென்ஸுக்கு மேலே அரை முழம் தள்ளிக் கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்க உப்பு அரித்த வெடிப்புகள், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. “இன்னும் கொஞ்சம் மேலே ஆச்சி... இடது பக்கம்...” முன்கண்ணாடியில் கிடந்த அந்தப் பிறை மெல்லச் சுருங்கி, ஓரத்துக்கு ஒதுங்கி, மறைந்தது. வ்யூஃபைண்டருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையை விலக்கின மாதிரி அந்தக் கருநீலம் கருநீலமாக வந்தது. உப்பு வாருகிற பெண்ணின் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிறு தெரிந்தது. பலகையின் விளிம்பில் உப்புத் தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. ஒரு செட்டிங்கையும் மாற்றவில்லை, ஒரு கையின் நிழல் மட்டும்தான். அதைப் போல ஒரு மாற்றத்தை எந்த விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியும் நான் பார்த்ததில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

கை இல்லாவிட்டால் தொப்பி, நோட்டுப்புத்தகம், துண்டு, எதுவும் ஆகும். லென்ஸிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் படத்துக்குள் வராமல் நிழல் மட்டும் விழும். படத்தின் மூலையில் விரல் வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், வைட் ஆங்கிளில் கட்டாயம் வரும்.

வெளிறலைப் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கான்ட்ராஸ்ட் ஏறும், உண்மைதான். ஆனால் அந்தப் படலத்துக்கு அடியில் நிழல் பகுதிகளில் இருந்த நுணுக்கமான நிற வேறுபாடுகள் ஒளிக் குப்பையோடு கலந்து பதிவானவை. இழுக்க இழுக்க அங்கே புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் வரும். என்னுடைய அந்த 140 படங்களிலும் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஃபில்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸைப் பாதுகாக்க என்று எல்லாரும் முன்னால் ஒரு யூ.வி. ஃபில்டரை மாட்டுகிறார்கள், நானும் மாட்டியிருந்தேன். அது தட்டையான கண்ணாடி. சென்சாரும் தட்டை, பளபளப்பு. சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி பின்பக்கமாக லென்ஸ் வழியே வந்து, ஃபில்டரில் மோதி, மறுபடி உள்ளே போய் ஒரு தெளிவான பிம்பத்தையே உண்டாக்கிவிடும். ராத்திரி தெருவிளக்குகளை எடுத்தால் ஒவ்வொரு விளக்குக்கும் படத்தின் மறுபக்கத்தில் தலைகீழாக ஒரு குட்டி விளக்கு மிதக்கிறதே, பெரும்பாலும் அது ஃபில்டரின் வேலை. சூரியனை நோக்கித் திரும்புகிறேன் என்றால் நான் முதலில் ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவேன். உப்புக் காற்று, மணல் என்று இருந்தால் மட்டும் யோசிப்பேன், அங்கே பாதுகாப்பு முக்கியம்.

அழுக்கும் அப்படித்தான். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் லென்ஸில் கைரேகை இருந்தாலும் படத்தில் தெரியாது. எதிர்வெயிலில் அதே கைரேகை பாதிப் படத்தைத் தின்றுவிடும். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கிறது, சிலந்தி வலை மாதிரிக் கிளை கிளையாக. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கின ஒரு லென்ஸில் உள்ளே லேசான பனிமூட்டம் மாதிரி ஒன்று இருந்ததை, விற்றவரும் சொல்லவில்லை, கடை வெளிச்சத்தில் எனக்கும் தெரியவில்லை. எதிர்வெயிலில் வைத்த முதல் படத்திலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. இப்போதெல்லாம் பழைய லென்ஸ் வாங்கப் போனால் செல்ஃபோன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து பார்க்காமல் வாங்குவதில்லை.

செல்ஃபோன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபோனில் விளக்கையோ சூரியனையோ எடுத்தால் குறுக்கே வாள் மாதிரி ஒரு நீண்ட ஒளிக்கோடு வருகிறதா? லென்ஸின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அதை நீங்கள் சட்டையில் ஒரே திசையில் தேய்த்திருக்கிறீர்கள். பசையில் விழுந்த மெல்லிய கோடுகள் ஒளியைத் தங்களுக்குக் குறுக்கே பரப்பும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஒளிக்கோடு இடம் வலமாக ஓடும். அடுத்தமுறை வேண்டுமென்றே திசை மாற்றித் தேய்த்துப் பாருங்கள், கோடும் திரும்பும். லென்ஸில் லேசாக ஆவி ஊதி, சுத்தமான பருத்தித் துணியால் வட்டமாகத் துடைத்தால் போய்விடும்.

ஃபோன் கேமராவில் வருகிற அந்தப் பச்சைப் பொட்டையும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சூரியனிலிருந்து படத்தின் நடுமையம் வழியே ஒரு கோடு போட்டு, அதே தூரம் மறுபக்கம் போனால் அந்தப் பொட்டு அங்கே நிற்கும். லென்ஸின் பேய்கள் எல்லாமே அனேகமாக இந்தக் கோட்டின் மேல்தான் வரிசை கட்டும். சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சூரியனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு முகத்தின்மேல் பச்சைப் பொட்டு விழுகிறது என்றால் கேமராவை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே அது முகத்தைவிட்டு நகர்ந்து, அதைவிட நல்ல இடத்துக்கு, மரத்துக்கோ சுவருக்கோ போய்விடும்.

அந்தப் பொட்டு ஒருமுறை எனக்கு அற்புதமான ஒன்றைக் காட்டியது. 2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாக அந்த வளையத்தின் பாதை போனது. நான் திண்டுக்கல்லில் இருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பையன் ஃபில்டர் எதுவும் இல்லாமல் ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டி, “அண்ணே, இதுல கிரகணமே தெரியலண்ணே, வெறும் வெளிச்சமா இருக்கு” என்றான். சூரியன் இருந்த இடம் வெள்ளைக் குழம்பு, ஆமாம். ஆனால் படத்தின் கீழ்மூலையில் இருந்த பச்சைப் பொட்டை விரலால் பெரிதாக்கினோம். அது பொட்டு இல்லை, பிறை! கடித்த ஆப்பிள் மாதிரி, தலைகீழாக. நேர் பிம்பம் ஒளி தாங்காமல் வெந்துபோயிருக்க, பல மடங்கு மங்கின பேய் பிம்பம் கிரகணத்தை அப்படியே வைத்திருந்தது. ஒன்பதரை மணி வாக்கில் முழு வளையம் வந்தபோது அவனுடைய ஃபோனில் அந்த மூலையில் ஒரு குட்டிப் பச்சை மோதிரம். (நேராகச் சூரியனைப் பார்க்காதே என்று அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லி நிறுத்தியிருந்தேன். இதை எல்லாரும் மனதில் வையுங்கள்: ஆப்டிகல் வ்யூஃபைண்டர் உள்ள கேமராவில் தூரத்தை இழுத்துக் காட்டுகிற டெலி லென்ஸ் போட்டுக்கொண்டு சூரியனைப் பார்ப்பது பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதற்குச் சமம். சூரியனுக்கென்றே உள்ள ஃபில்டர் லென்ஸுக்கு முன்னால் இல்லாமல் கூடவே கூடாது.)

சூரியன் படத்துக்குள்ளேயே வேண்டும் என்றால் வேறு கணக்கு. கையால் மறைக்க முடியாது, கைதான் படத்தில் விழும். நான் செய்வது இரண்டு. ஒன்று, சூரியனை எதன் பின்னாலாவது முக்கால்வாசி ஒளிப்பது. பனைமரம், கோபுரத்தின் ஓரம், உப்பு மேட்டின் உச்சி, எதுவானாலும் சரி. விளிம்பில் ஒரு கீற்று மட்டும் எட்டிப் பார்த்தால் உள்ளே நுழைகிற ஒளி பல மடங்கு குறைந்துவிடும். அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 16-க்குக் கொண்டுபோனால் அந்தக் கீற்று நட்சத்திரமாக விரியும். தகடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர்கள், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு, ஒன்பது தகடு லென்ஸில் பதினெட்டு. இந்த நட்சத்திரம் ஒளி தகடுகளின் விளிம்பில் வளைவதால் வருவது, லென்ஸுக்குள் எகிறித் திரிகிற ஒளியோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. இரண்டாவது, ட்ரைபாடில் வைத்து இரண்டு படம் எடுப்பது. ஒன்று சாதாரணமாக. இன்னொன்று கட்டைவிரலைச் சூரியனுக்கு நேரே நீட்டி அதை மட்டும் மறைத்து. இரண்டாவதில் விரல் இருக்கும், ஆனால் மீதிப் படம் சுத்தமாக இருக்கும். சூரியன் உள்ள பகுதியை முதல் படத்திலிருந்தும் மற்றதை இரண்டாவதிலிருந்தும் எடுத்துச் சேர்த்துவிடலாம்.

கட்டைவிரலால் சூரியனை மறைக்கிற இந்த வேலையைத்தான், பிரமிக்க வைக்கிற துல்லியத்தோடு, சூரியனை ஆராய்கிற இஸ்ரோ விண்கலமான ஆதித்யா எல் 1-இல் செய்திருக்கிறார்கள். சூரியனைச் சுற்றி இருக்கிற கரோனா என்கிற ஒளிப்படலம் சூரிய வட்டைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மங்கல். முழுக் கிரகணத்தின்போது மட்டும்தான் மனிதர்கள் அதைப் பார்த்துவந்தார்கள். 1930 வாக்கில் பெர்னார் லியோ என்ற பிரெஞ்சுக்காரர் தொலைநோக்கிக்குள்ளேயே சூரிய வட்டை மறைத்து, சிதறும் ஒளியை ஒவ்வொரு இடமாகத் தேடிப்பிடித்துத் தடுத்து, கிரகணம் இல்லாத நாளிலேயே கரோனாவைப் பார்த்தார். 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளித் தன் இடத்தைச் சேர்ந்த ஆதித்யாவில் வெல்க் என்ற கருவி அதே வேலையைச் செய்கிறது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்தது, நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்துகிற அதே நிறுவனம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைப் பார்க்க வேண்டும் என்றால், கண்ணாடியில் ஒரு தூசி, மெருகில் ஒரு சொரசொரப்பு இருந்தாலே போச்சு. அங்கே முதன்மை ஆடியை அவ்வளவு மழமழப்பாக மெருகேற்றியதற்கு அதுதான் காரணம். உப்பள வரப்பில் நின்று லென்ஸைத் துடைக்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

இந்த வெளிறலையும் பொட்டுகளையும் சேர்த்து ஃப்ளேர் என்பார்கள். ஃப்ளேர் அழகு என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சாயங்கால வெயிலில் கல்யாண ஜோடியின் முடிக்குப் பின்னால் பொன்னிறமாக ஒளி வழிந்து படம் முழுக்க ஒரு இளக்கம் வருவதை நானும் ரசித்து எடுத்திருக்கிறேன். வேண்டும் என்று கூப்பிட்டால் வரட்டும், லென்ஸுக்கு மேலே இருந்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, எந்த இடத்தில் போதுமோ அங்கே நிறுத்தலாம். கம்ப்யூட்டரில் ஒட்டுகிற ஃப்ளேர் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வெயில் ஒரு பக்கம் அடிக்க, பொட்டுகள் இன்னொரு கோட்டில் ஓடும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

உப்பளத்தில் எனக்கு இன்னும் ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. பாத்தியில் நிற்கிற தண்ணீர் காற்று இல்லாத காலையில் கண்ணாடிதான். சூரியன் உச்சியில் இருந்தால் தண்ணீர் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பும். அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கைத் திருப்புகிறது. ஆக எனக்கு மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன். மேலே ஆச்சியின் கை மறைத்தது, கீழேயிருந்து வந்தது அப்படியே ஹூட்டின் அடி இதழைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. அன்றைய படங்களில் எனக்குப் பிடித்த படத்தின் கீழ் ஓரத்தில் அந்த வெளிறல் இன்னும் மெல்லியதாக இருக்கிறது. வருகிற மாசியில் உப்பு வாரத் தொடங்கியதும் மறுபடி போகிறேன். கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு முழ அகல அட்டை ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன், லென்ஸுக்கு அடியில் ட்ரைபாடோடு சேர்த்துக் கட்டுவதற்கு. வீட்டு மொட்டைமாடியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் காலை வெயிலில் வைத்துப் பார்த்தேன். முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் கிடந்த வெளிச்சம் போய்விட்டது.